புவியியல் மனதில் நிற்கவில்லையா? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். மகள் தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியலில் வரலாறு ஓரளவு வருகிறது. புவியியல் மட்டும் எத்தனை தடவை மனப்பாடம் செய்தாலும் இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. எப்படிப் படிக்க வைப்பது? பிளஸ் ஒன்னில் புவியியல் உள்ள குரூப்பை எடுக்கலாமா?"

இருபது வருடத்துக்கு மேலாக, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ கேட்பதுண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மறந்துபோவதற்கு உங்கள் மகள் காரணமில்லை. வரலாற்றில் ஒன்று நடந்தது, அதனால் இன்னொன்று நடந்தது என்று ஒரு கோவை இருக்கிறது. புவியியலிலும் அதே மாதிரிக் கோவை இருக்கிறது. நாம் அதைப் பிள்ளைகளிடம் காட்டுவதில்லை, பெயர்களை மட்டும் கொடுத்துவிடுகிறோம். கேரளத்தில் ஆறுகள் 44. மேற்கே ஓடுவது 41. கிழக்கே ஓடுவது 3, அவை கபினி, பவானி, பாம்பாறு. இதைப் பத்து முறை எழுதினால் பரீட்சை வரைக்கும் நிற்கும், அவ்வளவுதான். அந்த மூன்று மட்டும் ஏன் கிழக்கே திரும்பின என்று ஒருமுறை படம் போட்டுப் பார்த்தால் பத்து வருடம் நிற்கும்.

அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது, சரிவு மட்டும்தான் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்கு மேற்கே விழுந்த மழை அரபிக் கடலுக்குப் போகும், கிழக்கே விழுந்தது வங்கக் கடலுக்குப் போகும். கேரளத்தின் எல்லைக் கோடு முகட்டின் மேலேயே போயிருந்தால் கேரளத்தின் ஆறுகள் எல்லாமே மேற்கே ஓடுபவையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் மறையூர்ப் பக்கத்திலும் கேரளம் முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவுக்குள் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அந்த மூன்று துண்டுகளின் தண்ணீர்தான் அந்த மூன்று ஆறுகள். மூன்றும் கடைசியில் காவிரியோடுதான் சேர்கின்றன. இதற்கு நேர்மாறானது நம் ஊர்க் கதை. ஆழியாறு தமிழ்நாட்டில் ஆனைமலையில் பிறந்து, பொள்ளாச்சிப் பக்கம் வந்து, மேற்கே திரும்பிக் கேரளத்துக்குள் நுழைந்து, சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைச் சேர்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயில் வரும் தண்ணீர் அந்த ஆற்றினுடையதாக இருக்கலாம். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதியும் ஆனைமலையும் சுவர் மாதிரி நிற்கும். வடக்கே வாளையாறு, மலம்புழைப் பக்கத்து மலைகள், அதற்குப் பின்னால் நீலகிரி. கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றுமில்லை, வெட்டவெளி. இதுதான் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 1600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு அகலமான திறப்பு வேறு எங்கும் இல்லை. அகலம் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர். தெற்கே ஆனமுடி 2695 மீட்டர், வடக்கே தொட்டபெட்டா 2637 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் நாம் நூறு, இருநூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நம் காலடியில் இருக்கும் பாறைப் பட்டை மிகப் பழைய காலத்தில் நசுங்கி உரசிய இடம் என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஒரு திறப்பைப் புரிந்துகொண்டால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் புவியியலில் பாதி தானாக விளங்கும். காற்று, மழை, மண், ஆறு, பயிர், ரயில், தொழில் எல்லாம் இதைத் தொட்டுத்தான் போகின்றன. காற்றையும் மழையையும் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலையாளத்தில் தென்மேற்குப் பருவமழையை இடவப்பாதி என்பார்கள். இடவம் நம் வைகாசி. அதன் பாதி என்றால் மே மாதக் கடைசி. இந்திய வானிலைத் துறை கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாளாக வைத்திருப்பது ஜூன் 1. பெயருக்குள்ளேயே தேதி இருக்கிறது, பாருங்கள். அந்தச் சமயத்தில் சூரியன் கடகரேகையை நோக்கி நகர்ந்திருக்கும். வட இந்திய நிலம் காய்ந்து சூடாகி அங்கே காற்றழுத்தம் குறையும். கடலிலிருந்து காற்று அதை நோக்கி ஓடி வரும். நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று பூமியின் சுழற்சியால் வலப்பக்கமாக விலகுவதால் அது தென்மேற்குக் காற்றாகிறது. மலைச் சுவரில் மோதினால் மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழை. இதுதான் மலைத்தடுப்பு மழை. மூணாறிலும் வால்பாறையிலும் கொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

நம் திறப்பில் மோதுவதற்குச் சுவர் இல்லை. காற்று ஏறாமல் நேராக உள்ளே வருகிறது. குறுகலான சந்தில் காற்று வேகமெடுப்பது போல இங்கே வேகமெடுத்துக் கிழக்கே போகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கோயம்புத்தூர், உடுமலைப் பக்கத்தில் சொல்வது சும்மா இல்லை. ஆடி மாதம் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் காலம், இந்தத் திறப்பு வழியாகப் பாயும் காற்றுதான் அங்கே அம்மியை அசைக்கிறது. உடுமலையைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் காற்றாலை வைத்ததற்கும் இதே காரணம். மார்கழி, தை மாதத்தில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வறட்டுக் காற்றாக வீசும். திருச்சூர்க்காரர்கள் உதடு வெடிக்கிறது, பாலக்காட்டுக் காற்று வந்துவிட்டது என்பார்கள். கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு, இதுவும் திறந்த வாசலின் விளைவுதான்.

முன்பு ஒருமுறை வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "கேரளத்தில் வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் மழை என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் போர்வெல்லில் ஏன் தண்ணீர் இல்லை?" எருத்தேன்பதிப் பக்கத்துப் பையன். அன்றைக்கு அவன் கேட்டதைவிட நல்ல கேள்வியை அந்த வருடம் நான் கேட்கவில்லை. 3000 என்பது மாநிலச் சராசரி. நம் கிழக்குப் பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூட விழுவதில்லை. சராசரி என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று வகுப்புகள் பேசினோம்.

இங்கே ஒரு திருத்தம். நம் ஊரை "மழை மறைவுப் பகுதி", அதாவது மலைக்குப் பின்னால் இருப்பதால் மழை எட்டாத இடம், என்று மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. தென்மேற்கே நெல்லியாம்பதி நிற்பதால் கொஞ்சம் மறைவு உண்டுதான். ஆனால் மழை குறைவதற்கு இன்னொரு முக்கியமான காரணம் காற்றைத் தூக்கிவிட மலை இல்லாதது. அசல் மழை மறைவைப் பார்க்க வேண்டுமென்றால் மூணாறிலிருந்து மறையூர் வழியாகச் சின்னாறுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். தேயிலையும் மூடுபனியுமாக ஏறிய பஸ் இறங்கும்போது முள்மரமும் கள்ளியும் தொடங்கிவிடும். சின்னாறில் வருடத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். இரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டு காலநிலை. முடிந்தால் ஒருமுறை கூட்டிப்போங்கள்.

மண்ணுக்கு வருவோம். கேரளத்தில் பெரும்பகுதி வெட்டுக்கல் மண், அதாவது லேட்டரைட். கரிசல் மண் எங்கே என்று கேட்டால் சித்தூர் தாலுகாவைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மகள் அதன் மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் செருப்பை விடாது. அதையே அவள் விடையில் எழுதலாம்: ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். பனைமரமும் நிலக்கடலையும் இந்தப் பக்கம் ஏன், ரப்பர் ஏன் இல்லை என்று கேளுங்கள், அவளே சொல்வாள்.

மழை குறைவு என்றால் ஆற்றுத் தண்ணீரை நம்ப வேண்டும், அது பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது. அப்போது ஒப்பந்தம் வேண்டியிருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடப்பில் இருப்பதாகக் கணக்கு வைக்கப்பட்டது. மணக்கடவு அணையில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) என்பது அதில் உள்ள கணக்கு. அந்தத் தண்ணீர்தான் மூலத்தறையில் பிரிந்து சித்தூர் வயல்களுக்குப் போகிறது. நிலத்தடி நீர் எவ்வளவு அருமையானது என்பதற்கு பிளாச்சிமடை பக்கத்திலேயே இருக்கிறது. 2000ல் தொடங்கிய குளிர்பான ஆலை கிணறுகளைக் கெடுத்தது என்று ஆதிவாசி மக்கள் போராடி, 2004ல் அது மூடியது. வளங்களும் பாதுகாப்பும் என்று பாடத்தில் வருவதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. கேரள நிலத்தை உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள்: 7.5 மீட்டருக்குக் கீழே கடலோரம், 75 மீட்டர் வரை இடைநாடு, அதற்கு மேல் மலைநாடு. கொழிஞ்சாம்பாறை 100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எண்ணை வைத்துப் பார்த்தால் மலைநாடு, கண்ணால் பார்த்தால் சமவெளி! வகைப்படுத்தல் என்பது மனிதன் போட்ட கோடு, நிலம் அதற்குள் ஒழுங்காக அடங்காது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பெண் உணர்ந்துவிட்டால் அவள் புவியியல் மாணவியாகிவிட்டாள் என்றுதான் நினைப்பேன்.

சரி, படிக்கும் முறைக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு உள்ள தனிச் சிக்கல் மொழி. புத்தகம் தமிழில் இருக்கும். பல நேரம் டீச்சர் மலையாளத்தில் விளக்குவார். டி.வி. செய்தியும் மலையாளம். பிளஸ் ஒன் போனால் புத்தகம் இங்கிலீஷ். அட்சரேகை என்று படித்தவள் அக்ஷாம்சம் என்று கேட்டால் வேறு ஏதோ என்று நினைப்பாள். ஒரு நீளமான நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றையும் தமிழ் எழுத்தில். அட்சரேகை, அக்ஷாம்சம், லாட்டிடியூட். தீர்க்கரேகை, ரேகாம்சம், லாங்கிடியூட். சம உயரக்கோடு, காண்டூர். வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். பல சொற்கள் மூன்றிலும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன என்பது அவளுக்கே தெரியவரும். மலையாளத்தில் மழநிழல் என்பார்கள், இங்கிலீஷிலும் மழையின் நிழல் என்றே பொருள். இந்த நோட்டைச் சுமையாக நினைக்க வேண்டாம். ஒரு மொழிக்காரப் பிள்ளைக்கு இல்லாத வசதி இது.

அடுத்தது படம். தினமும் ஒரு படம், கையால், பார்க்காமல். இந்தியா வரைவது அழகாக இருக்க வேண்டியதில்லை, வடிவம் வந்தால் போதும். அதில் அன்றைக்குப் படித்ததை மட்டும் குறிக்க வேண்டும். அப்புறம் அட்லஸைத் திறந்து தவற்றைச் சிவப்பில் திருத்த வேண்டும். சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வருவதை அவளே பார்ப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் படத்தில் குறிக்கும் கேள்வி வரும், அதற்கும் இதுவே போதும், தனியாகப் பயிற்சி வேண்டாம்.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது சம உயரக்கோட்டுக்குத்தான், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டுக்கு. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பாதித் தேங்காய்ச் சிரட்டையை ஒரு தட்டில் கவிழ்த்து வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் வரியைச் சாக்பீஸால் சுற்றிக் குறிக்கச் சொல்லுங்கள். இன்னொரு சென்டிமீட்டர், இன்னொரு வரி. தண்ணீரைக் கொட்டிவிட்டு நேர்மேலே இருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருக்கம், சாய்வான பக்கத்தில் அகலம். அதுதான் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் ஓடும் கோடுகள். 1:50,000 அளவைப் படத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 1 கிலோமீட்டர். இரண்டு கோட்டுக்கு நடுவே உயரம் பெரும்பாலும் 20 மீட்டர்.

அந்தப் படத்தின் எண்ணையும் பயமில்லாமல் படிக்கலாம். நம் பகுதி 58ஆம் எண் தாளில் வருகிறது. 4 டிகிரிக்கு 4 டிகிரி உள்ள அந்தப் பெரிய சதுரத்தை 1 டிகிரியாகப் பதினாறு துண்டாக்கி எழுத்துப் போட்டிருக்கிறார்கள், பாலக்காடு 58பி. அதையும் பதினாறாக்கி எண் போட்டிருக்கிறார்கள், கொழிஞ்சாம்பாறை 58பி/14ல் வரும். உங்கள் ஊர் இருக்கும் தாளை எடுத்துக் கொடுங்கள். தன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குளத்தை நீல நிறத்தில் கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் அந்தப் பாடத்தைக் கண்டு ஓடாது.

நேரக் கணக்கும் இப்படித்தான். பூமி 1 டிகிரி சுற்ற 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். நாம் இருப்பது சுமார் 76.8 டிகிரியில். வித்தியாசம் 5.7 டிகிரி, அதை நான்கால் பெருக்கினால் சுமார் 23 நிமிடம். அதாவது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் 12 காட்டும்போது இல்லை, 12.23 வாக்கில். வருடத்தில் சில மாதம் இதில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகும். ஏப்ரல் 17, 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். முற்றத்தில் ஒரு நேரான குச்சியை நட்டு அந்த நேரத்தில் பாருங்கள், நிழல் குச்சியின் காலடியிலேயே மறைந்துவிடும். ஆகஸ்டில் மேகம் மறைத்துவிடலாம், அதனால் ஏப்ரலை விடாதீர்கள். பள்ளி விடுமுறையும்கூட.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "ஏன்" என்று கேட்டால் காரணங்களை வரிசையாக, ஒன்றிலிருந்து ஒன்று வரும்படி எழுத வேண்டும். ஓரத்தில் சின்னப் படம் ஒன்று இருந்தால் நல்லது. பழைய வினாத்தாள்களை டிசம்பருக்கு மேல் எடுத்தால் போதும். கைடு வாங்கித் தராதீர்கள், தயவுசெய்து. அதில் இருப்பதெல்லாம் பாடப்புத்தகத்திலிருந்து காரணத்தைக் கழித்தது.

பிளஸ் ஒன் விஷயம். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கான பாடம் என்று புவியியலை ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். 2018 வெள்ளத்துக்கும் 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்கும் பிறகு, எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எந்த ஓடை எங்கே பாயும் என்று வரைபடத்தில் காட்டத் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செயற்கைக்கோள் படம் படிப்பது, ஜி.ஐ.எஸ். மென்பொருளில் வரைபடம் செய்வது எல்லாம் இன்றைக்கு வேலை தரும் திறமைகள். சிவில் சர்வீஸ், மாநில அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் உதவும். மேற்படிப்புக்குத் தூரமாகப் போக வேண்டியதும் இல்லை, சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே புவியியல் துறையும் இருக்கிறது, தமிழ்த் துறையும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிளஸ் ஒன் புத்தகம் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் இங்கிலீஷ் புத்தகம், பிராக்டிகலும் உண்டு. கணக்கில் சதவீதமும் விகிதமும் சரளமாக வர வேண்டும். அந்த மூன்று பத்தி நோட்டை இப்போதே தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஆனால் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். முதலில் பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் பொள்ளாச்சி வரைக்கும் ஒருநாள் கூட்டிப்போங்கள், ஜன்னலோர சீட்டில். புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று ஸ்டேஷன்கள் வரும். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். நெல்வயல் எங்கே முடிந்து தென்னையும் மாந்தோப்பும் எங்கே தொடங்குகின்றன, மலை எந்தப் பக்கம் விலகுகிறது, மண் எங்கே நிறம் மாறுகிறது என்று அவளே எழுதட்டும். முதலமடை மாம்பழம் நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருகிறவற்றில் ஒன்று. அது ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். இதுவரை சொன்ன காற்றையும் வெயிலையும் வைத்து அவள் ஒரு காரணம் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதையை நினைவிலிருந்து படமாக வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்த பிறகு பிளஸ் ஒன்னைப் பற்றி அவளிடமே கேளுங்கள்.